கீழே இருப்பதைக் கூட்டாதீர்கள்: பின்னக் கணக்கு கேள்வி பதில்

குடியாத்தம், ஒரு அம்மா: ஆறாவது படிக்கும் மகள் 1/2 + 1/3 = 2/5 என்றே எழுதுகிறாள் சார். எத்தனை தடவை சொல்வது?

சொல்வதை நிறுத்திவிட்டு ஒரு தோசை சுடுங்கம்மா. தட்டில் அரைத் தோசை, பக்கத்தில் இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு. அவள் விடை 2/5, அரையைவிடக் குறைவு. சேர்க்கச் சேர்க்கத் தோசை எப்படிச் சுருங்கும் என்று கேளுங்கள், அவளே சிரிப்பாள். அப்புறம் முழுத் தோசையை ஆறு துண்டாக்கினால் அரைக்கு 3 துண்டு, மூன்றில் ஒன்றுக்கு 2. துண்டெல்லாம் ஒரே அளவானதும் எண்ணிவிடலாம்: 5/6. பகுதியை, அதாவது பின்னத்தில் கீழே இருக்கும் எண்ணை, சமமாக்குவது இதற்குத்தான்.

காட்பாடி மாணவர்: 5/12 + 7/18. கீழே இரண்டையும் பெருக்கினால் போதாதா? மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) எதற்கு?

தப்பில்லை தம்பி, சுமைதான் கூடும். பெருக்கினால் 216. மேலே 90 + 84 = 174. பிறகு 6ஆல் சுருக்கி 29/36. மீ.சி.ம 36 எடுத்தால் 15 + 14, நேராக 29/36. அதைக் கண்டுபிடிக்க 18ஆம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே போ: 18, 36... 12ஆல் வகுபடும் இடத்தில் நில்.

ராணிப்பேட்டை: பெருக்கலுக்கும் பகுதி சமமாக வேண்டுமா?

வேண்டாம்.

அணைக்கட்டு மாணவி: மூன்றேகால் கிலோ இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் ஒன்றரை கிலோ விற்றால் மீதி? கடன் வாங்கும்போது குழம்புகிறது சார்.

3 1/4 − 1 2/4. ஒன்றில் இரண்டு போகாது, பக்கத்து 3இல் இருந்து ஒன்று வாங்கு. வந்தது 10 இல்லை, 4/4. பழக்கதோஷத்தில் 11/4 என்று எழுதித்தான் பலர் கவிழ்கிறார்கள். 2 5/4 − 1 2/4 = 1 3/4. மார்க்கெட்டில் காய் விற்கும் அம்மா பேப்பரே இல்லாமல் ஒன்றேமுக்கால் என்பார்.

வாலாஜா: தாத்தா மாகாணி, வீசம் என்பார். அவர்கள் எப்படிக் கூட்டினார்கள்?

பெயரிலேயே கூட்டல் இருக்கிறது! மா 1/20, காணி 1/80. ஒரு மாவுக்கு நாலு காணி. மாவும் காணியும் சேர்ந்தால் 5/80, அதாவது 1/16. அதுதான் மாகாணி, வீசமும் அதுவே. இன்னும் கீழே முந்திரி, 1/320. காலுக்கு 80 முந்திரி, அரைக்காலுக்கு 40, வீசத்துக்கு 20, மாவுக்கு 16, காணிக்கு 4. எல்லாம் முந்திரிக்குள் மிச்சமின்றி அடங்கும். குடியாத்தத்துத் தோசையின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அடங்காது. 320 மூன்றால் வகுபடாதே.