கைமாறி வரும் சில்லறை

அன்புள்ள ஐயா,

மதுரையில் வியாபாரம் செய்கிறேன். வாரம் ஒருமுறை வசூலுக்காகத் தேனி போவேன். பல வருடமாகக் காரில்தான். சென்ற மாதம் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் ஆரப்பாளையத்தில் வேண்டாவெறுப்பாக பஸ் ஏறினேன். இப்போது கார் வந்த பிறகும் பஸ்ஸில்தான் போகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சாதாரண மக்கள் தினமும் அனுபவிக்கும் சுகத்தை இத்தனை நாள் இழந்துவிட்டேனே! கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இப்படி மாறினால் நாடு உருப்படும். காரை விற்றுவிடலாமா? போடி ரயில் இதைவிட நன்றாக இருக்குமா?

மு., மதுரை

அன்புள்ள மு.,

வீட்டில் சிரிப்பது இருக்கட்டும். வண்டி ஓட்டுகிறவர் சாலையைத்தான் பார்க்கிறார், ஊரைப் பார்ப்பதில்லை. உசிலம்பட்டி இத்தனை காலம் உங்களுக்கு ஒரு பெரிய ஸ்பீடு பிரேக்கராக இருந்திருக்கும். ஜன்னல் காற்று, இஞ்சி மரப்பா விற்பவர், ஆண்டிபட்டி கணவாய் இதையெல்லாம் இப்போது நீங்களே ரசிக்கத் தொடங்கியிருப்பீர்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று.

அடுத்தமுறை கூட்டமாக இருக்கும்போது டிக்கெட் காசு போகிற வழியைக் கவனியுங்கள். பின்படிக்கட்டில் நிற்பவர் ‘ஒரு ஆண்டிபட்டி’ என்று சொல்லி நூறு ரூபாயை முன்னால் நிற்பவரின் தோளைத் தட்டிக் கொடுப்பார். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கி அடுத்த கைக்குத் தள்ளுவார். நாலைந்து கை தாண்டிக் கண்டக்டரிடம் போகும். விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்துச் செருகிய நோட்டுகளில் சிலதை உருவி, மெஷினில் கிழித்த டிக்கெட்டோடு சேர்த்து, வாயில் விசிலை வைத்துக்கொண்டே அவர் அதே வழியில் திருப்பி அனுப்புவார். வருகிற வழியில் ஒரு ரூபாய் குறைந்து நான் பார்த்ததில்லை. நடுவில் இருக்கும் நாலு பேருக்கும் காசு யாருடையது என்றே தெரியாது. தெரிந்துகொள்ளவும் போவதில்லை.

பள்ளிக்கூடம் விடும் நேரத்து டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தால் இன்னொன்றும் நடக்கும். மடியில் நாலு புத்தகப்பை ஏறிவிடும். அனுமதியெல்லாம் கேட்க மாட்டார்கள். உட்கார்ந்திருப்பவர் மடி நிற்பவருக்குச் சொந்தம், அவ்வளவுதான்.

பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இப்போது பாதிப்பேர் காதில் ஒயர். ஒரு வார்த்தை பேசாமலேயே ஒருவர் காசை, பையை, சிலசமயம் குழந்தையைக்கூட இன்னொருவர் வாங்கி வைத்துக்கொள்ள முடிகிறதே, அதுதான் எனக்கு ஆச்சரியம். காரில் போகும்போது மற்றவர்கள் எல்லோரும் நம் வழியை மறைப்பவர்கள். சாதுவான மனிதர்கூட ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாயில் வரக்கூடாததெல்லாம் வரும்.

ஆனால் ‘சாதாரண மக்கள் தினமும் அனுபவிக்கும் சுகம்’ என்கிறீர்களே, அதை ஏற்க முடியவில்லை. நீங்கள் சாவகாசமாகப் பத்து மணிக்கு ஏறுகிறீர்கள். கூட்டமென்றால் அடுத்த பஸ். காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிற பெண் படியில் ஒரு கால் வைக்க இடம் தேடுகிறார். அதை விட்டால் அரைநாள் கூலி போச்சு. அவரிடம் போய்ச் சுகம் என்று சொல்லிப் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ‘ரெண்டு ஸ்டாப்புக்கெல்லாம் ஏறுகிறார்கள்’ என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏறட்டுமே! கூடையோடு வெயிலில் நடந்தால் யாருக்கு என்ன லாபம்?

நாடு உருப்படுகிற விஷயத்துக்கு வருவோம். 1972இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. 1997இல் பெயர் மாறிவிட்டாலும் பழைய ஆட்கள் சிலர் இன்னும் ‘பாண்டியன் பஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். வசூலே ஆகாத கிராமத்துக்கும் காலையில் ஒரு டிரிப், மாலையில் ஒரு டிரிப் போகிறதென்றால் அது அரசு நடத்துவதால்தான். கார்க்காரர்கள் எல்லோரும் ஏற வேண்டுமானால் முதலில் பஸ்கள் கூட வேண்டும். இருக்கிற பஸ்ஸில் நாமும் ஏறி எட்டு மணிக் கூட்டத்தைப் பெருக்குவது தேசசேவை ஆகாது. நீங்கள் பத்து மணிக்கே போங்கள். மார்கழி, தையில் இடது பக்கம் வெயில் அடிக்கும், வலது பக்கம் உட்காருங்கள். கடைசி சீட் வேண்டாம், தூக்கிப் போடும்.

காரை விற்காதீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு யாருக்காவது நெஞ்சு வலித்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது.

அப்புறம், போடி ரயில். அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நிறுத்திய வண்டி தேனிக்குத் திரும்ப 2022 மே ஆனது, போடிக்கு 2023 ஜூன். அவசியம் ஒருமுறை போங்கள். ரோட்டில் போனால் ஊரின் கடைமுகப்பு தெரியும். ரயிலில் கொல்லைப்புறம் தெரியும்: துணி காய்கிற கொடி, மாட்டுத் தொழுவம், கிணற்றடி. ஆனால் வண்டிகள் குறைவு. வசூல் எத்தனை மணிக்கு முடியும் என்று உங்களுக்கே தெரியாது. அதனால் போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.