சுவர் மேல் நிற்கும் கயோட்டிக்குக் கூண்டு எதற்கு?

கேள்வி: அரிசோனாவில், சாண்ட்லரில் இருக்கிறோம். பின்பக்கச் சுவரைத் தாண்டினால் வாஷ், அதாவது மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் வறண்ட ஓடை. ஒரு வாரமாக விடியும் நேரத்தில் கயோட்டி (நரி போன்ற காட்டு விலங்கு) ஒன்று சுவர் மேல் ஏறி நிற்கிறது. நான்கு வயது மகள் இருக்கிறாள், ஷிட்சு நாய் ஒன்றும் இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் காக்கைக்கு வைப்பது போல தினமும் அந்தச் சுவரில்தான் சோறு வைப்பார். இப்போது வெளியே வரவே பயப்படுகிறார். விளம்பரம் பார்த்துக் கூப்பிட்ட ஒருவர், கூண்டு வைத்துப் பிடித்து மலையில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிச் சில நூறு டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம்கூட வேண்டாம்.

கயோட்டி லேசில் கூண்டுக்குள் தலையை நீட்டாது. அக்கம்பக்கத்துப் பூனைதான் முதலில் மாட்டும். அப்படியே கயோட்டி மாட்டினாலும், 'மலையில் விடுகிறோம்' என்பது காதுக்கு இதமான பேச்சு, அவ்வளவுதான். மலையில் ஏற்கெனவே வேறு கயோட்டிகள் எல்லை பிடித்து வாழ்கின்றன. புதிதாக இறக்கிவிடப்பட்டது தண்ணீர் எங்கே, இரை எங்கே என்று தெரியாமல் அலையும். மற்றவற்றிடம் கடிபடும், இல்லையென்றால் பழைய இடத்தைத் தேடி வரும் வழியில் ஹைவேயில் அடிபடும். இங்கே காலியான இடத்துக்கு அடுத்தது வந்துவிடும். அதே ஆள் மறுபடி போன் செய்து மாதச் சந்தா போட்டுக்கொள்ளச் சொல்வார்.

அரிசோனாவில் காட்டு விலங்கைப் பிடித்து அகற்றுவதைத் தொழிலாகச் செய்ய மாநில வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். பிடித்த விலங்கை என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுவார்கள். ஓநாய் மூத்திரப் புட்டி, காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் பெட்டி, சிவப்பாக மினுக்கும் சோலார் விளக்கு எல்லாம் இதே கடையின் சரக்குதான். கயோட்டி கொஞ்ச நாளில் பழகிக்கொண்டு பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். பாலைவனக் கயோட்டி பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். வட அமெரிக்காவில் கயோட்டி தாக்கி மனிதர் இறந்ததாகப் பதிவாகியிருப்பது இரண்டே முறை: 1981-ல் கலிஃபோர்னியாவின் கிளெண்டேலில் ஒரு மூன்று வயதுக் குழந்தை, 2009-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நடைப்பயணம் போன ஓர் இளம்பெண். ஆகவே மகளை வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டாம். விடியலிலும் அந்தியிலும் தோட்டத்தில் தனியாக விடாமல் இருந்தால் போதும். உண்மையில் கவலைப்பட வேண்டியது நாயைப் பற்றித்தான். ஷிட்சு, கயோட்டியின் கண்ணுக்கு முயல் அளவுதான். இரவில் சிறுநீர் கழிக்க வெளியே விட்டாலும் கூடவே நில்லுங்கள். இழுக்க இழுக்க நீளும் வாரைத் தூக்கிப் போடுங்கள். ஆறடி வார் போதும்.

அது ஏன் உங்கள் சுவரைத் தேர்ந்தெடுத்தது என்று பாருங்கள். வாஷும் கால்வாய்க் கரையும் அதற்குச் சாலை மாதிரி; தினமும் அந்த வழியாகத்தான் போகிறது. நிற்க வைப்பது நாம். சுவரோரம் அதன் எச்சம் கிடந்தால் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள், கையால் தொடாதீர்கள். கயிறு முறுக்கினது போல இருக்கும், முனை கூராக முடியும். உள்ளே முயல் முடியும் மெஸ்கீட் என்ற பாலைவன மரத்தின் விதையும் மட்டும் இருந்தால் அது காட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறது, விடுங்கள். ஈச்சங்கொட்டை, ஆரஞ்சுத் தோல், பிளாஸ்டிக் துண்டு இருந்தால் வீடுகளைச் சுற்றிக் கிடைப்பதைத் தின்கிறது. உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்குங்கள். நாயின் தட்டையும் தண்ணீரையும் வெளியே வைக்காதீர்கள். குப்பைத் தொட்டியை முந்தின இரவே தெருவில் வைக்காமல் காலையில் வையுங்கள்.

மாமியாரின் சோற்றைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். உங்கள் மாரிகோபா கவுண்டியிலும், பிமா, பினால் கவுண்டிகளிலும் காட்டு விலங்குக்கு உணவு வைப்பது சட்டப்படி குற்றம். தெரிந்து வைத்தாலும் சரி, அசட்டையாக வைத்தாலும் சரி. ஆனால் பறவைகளுக்கும் மரத்தில் வாழும் அணிலுக்கும் விலக்கு உண்டு. அதனால் பறவைகளுக்கென்று அவர் வைப்பது குற்றமில்லை. அபராதம் வருமோ என்று அவரை மிரட்ட வேண்டாம், பழக்கத்தை விடச் சொல்லவும் வேண்டாம். அதே நேரம், 'பறவைக்குத்தானே' என்று அப்படியே விட்டுவிடவும் முடியாது. அங்கே காலையில் வருவது கிராக்கிள் என்ற கரும்பறவையும் புறாவும் காடையும். அவை தின்றதுபோக மிச்சம் கீழே சரளைக் கற்களுக்கு நடுவே விழுகிறது. இரவில் எலி வருகிறது, முயல் வருகிறது. அவற்றைத் தேடி கயோட்டி வருகிறது, சில சமயம் பாப்கேட் என்ற காட்டுப்பூனையும் வரும். சுவர் மேலேயே பருக்கை ஒட்டியிருந்தால் கயோட்டி நேராக அதையே நக்கும். பறவைகளுக்கு விதை போட்டுத் தொங்கவிடும் தீனிப் பெட்டிக்கும் இதே கதைதான். ஹம்மிங்பேர்ட் என்ற குட்டிப் பறவைக்கு வைக்கும் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் பரவாயில்லை, கயோட்டி அதைத் தேடி வருவதில்லை. மாமியார் ஒரு பிடி சோற்றைச் சுவரில் வைக்காமல் தட்டில் வைக்கட்டும், நன்றாக விடிந்த பிறகு வைக்கட்டும். பறவைகள் தின்று முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, தட்டை உள்ளே எடுத்துவந்து கழுவட்டும். சிந்தியதைப் பெருக்கிவிடுங்கள். இப்போதைக்கு இரண்டு வாரம் வைக்காமலே இருந்தால் கயோட்டி அந்த இடத்தை மறக்க உதவும்.

நேரில் பார்த்தால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். மகளையோ நாயையோ தூக்கிக்கொள்ளுங்கள். கையை உயர்த்தி, அதன் கண்ணைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்துங்கள். தமிழில் திட்டினாலும் போகும். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடியுங்கள், ஹோஸைத் திருப்பித் தண்ணீர் பீய்ச்சுங்கள், அதன் பக்கத்தில் சிறு கல்லை எறியுங்கள். இரண்டடி பின்வாங்கி நின்று பார்த்தால் நிறுத்தாதீர்கள்; கண்ணை விட்டு மறையும்வரை விரட்ட வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று தட்டுவதில் பயனில்லை, விரட்டுவது மனிதர் என்று அதற்குத் தெரிய வேண்டும். மாமியாருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், அவரும் பார்த்துத் தயங்காமல் கத்தலாம். வசந்த காலத்தில் வாஷுக்குள் போகும்போது ஒரு கயோட்டி தள்ளித் தள்ளி உங்கள் கூடவே வந்தால், பக்கத்தில் குட்டிகள் இருக்கின்றன என்று பொருள். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

சுவரைப் பற்றியும் சொல்கிறேன். ஆறடிச் சுவரை அது சுலபமாக எகிறி ஏறும். சுவர் உச்சியில் உருளும் குழாய் பொருத்தினால் கால் பிடிக்காமல் வழுக்கி விழும். நூறு கூண்டை விட இது மேல். ஆனால் பல குடியிருப்புச் சங்கங்கள் 'தோற்றம் கெடுகிறது' என்று இதற்கு அனுமதி மறுக்கின்றன. குப்பைத் தொட்டி ஒரு நாள் கூடுதலாகத் தெருவில் நின்றால் உடனே கடிதம் போடுகிறவர்கள், நாய்த்தீனியை வேண்டுமென்றே வெளியே கொட்டும் வீட்டுக்கு ஒரு வரி எழுதுவதில்லை. பிறகு கூட்டம் கூட்டி, உறுப்பினர்களின் பணத்தில் பொறிக்காரரை அமர்த்துகிறார்கள். எனக்கு இது பொறுக்கவே முடியாத விஷயம். குழாய்க்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள், மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

வாஷ் பக்கத்தில் இருப்பதால் இன்னும் இரண்டு. ஹாவெலினா என்ற பன்றி போன்ற விலங்கு கூட்டமாக வரும், கண் பார்வை மந்தம். நாயைக் கண்டால் கயோட்டி என்று எண்ணிப் பாயும். நாயோடு எதிரே போகாதீர்கள். அப்புறம் கிலுகிலுப்பைப் பாம்பு. செடிக்கடியில் கையை நுழைக்காமல் இருக்க மகளைப் பழக்குங்கள், இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கட்டுப்போடுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது; 911, ஆஸ்பத்திரி. கயோட்டி கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள், ரேபீஸ் ஊசி தேவையா என்று அவர் சொல்வார்.

சும்மா கண்ணில் படும் கயோட்டிக்காக யாரையும் அழைத்துப் பயனில்லை. நகராட்சி கவுண்டியைக் கேள் என்னும், கவுண்டி நாய்களை மட்டும்தான் பார்ப்போம் என்னும், கடைசியில் மாநிலத் துறைக்கு வந்து சேர்வீர்கள். நேராக மாநில வனவிலங்குத் துறைக்கே போங்கள், அதுவும் விரட்டியும் நகராமல் நின்றாலோ, ஆளை நோக்கி வந்தாலோ, வாரில் பிடித்திருக்கும் நாய் மீது பாய்ந்தாலோ மட்டும். 'கயோட்டி தெரிகிறது' என்று சொன்னால் குறித்துக்கொண்டு வைத்துவிடுவார்கள். எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு தூரத்தில், கத்தியபோது போனதா நின்றதா என்று நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு சொல்லுங்கள். போனில் எடுத்த வீடியோ இருந்தால் அதையும் அனுப்புங்கள்.