இரண்டு மாத லீவுக்குள் குழந்தைக்கான டெஸ்டும் சிகிச்சையும் முடிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. கல்யாணமாகி இரண்டரை வருடம் ஆகிறது. கணவருக்குத் துபாயில் வேலை. அடுத்த லீவில் இரண்டு மாதம் ஊரில் இருப்பார். அதற்குள் எல்லா டெஸ்டும் எடுத்து, சிகிச்சையையும் முடித்துவிட முடியுமா?

பதில்:

டெஸ்ட் முடியும், அவர் வருவதற்கு முன்பே நீங்கள் தொடங்கிவிட்டால். சிகிச்சையும் அந்த இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போகாதீர்கள். முதல் தடவை டாக்டரைப் பார்ப்பதிலிருந்து கரு தங்குவது வரை ஒரு வருடம், பலருக்கு இரண்டு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே தங்கினால் ரொம்ப சந்தோஷம். நான் டாக்டர் இல்லை. என் கணவர் மஸ்கட்டில் இருந்தார், நாங்களும் லீவை வைத்துத்தான் சிகிச்சை எடுத்தோம். அதனால் சொல்கிறேன்.

இரண்டரை வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் கேட்கப்போவது, இருவரும் சேர்ந்து இருந்தது எத்தனை மாதம் என்று. ஒரு வருடம் எந்தத் தடுப்பும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தும் தங்காவிட்டால் பரிசோதனை, பெண்ணுக்கு 35 வயது தாண்டிவிட்டால் ஆறு மாதத்திலேயே என்பது பொதுவான கணக்கு. சேர்ந்து வாழும் தம்பதிகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் முதல் வருடத்திலேயே தங்கிவிடுகிறது. மிச்சம் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாவது வருடத்தில். உங்கள் இரண்டரை வருடத்தில் சேர்ந்து இருந்தது நான்கைந்து மாதம்தான் என்றால், உங்களுக்குக் குறை இருக்கிறது என்று யாரும் இப்போதே சொல்லிவிட முடியாது. அந்த மாதங்களிலும் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் மாதத்துக்கு ஆறு நாள் போலத்தான். "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், மனசு கொஞ்சம் ஆறும். ஆனால் பீரியட்ஸ் ஒழுங்காக வராவிட்டாலோ, தாங்க முடியாத வயிற்றுவலி இருந்தாலோ, முன்பு வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ எந்தக் கணக்கும் பார்க்காமல் போய்க் காட்டிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு நாள் இழுக்கிறது என்றால், நமக்கான பரிசோதனைகள் மாதவிலக்கை ஒட்டித்தான் நடக்கும். இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் ஹார்மோன்களுக்கு ரத்தம் எடுப்பார்கள், சினைப்பையில் எத்தனை முட்டைப் பைகள் தெரிகின்றன என்று ஸ்கேன் பார்ப்பார்கள். ஏஎம்ஹெச் (சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு இரண்டையும் எந்த நாளிலும் எடுக்கலாம். கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, ரத்தப்போக்கு நின்ற பிறகு, முட்டை வெளிவருவதற்கு முன் உள்ள சில நாட்களில்தான். முட்டை வெளிவந்ததா என்பதற்கான ரத்தப் பரிசோதனை, 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு 21ஆம் நாள். இதில் ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த மாதம்தான். அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை வரும், வீட்டில் ஒரு கல்யாணம் வரும். நீர்க்கட்டி இருந்து பீரியட்ஸ் நாற்பது, ஐம்பது நாள் தள்ளிப் போகிறவர்களுக்கு ஒரு 'மாதம்' என்பதே ஒன்றரை மாதம். ஆகவே இவற்றையெல்லாம் அவர் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே முடித்து வையுங்கள். எதற்கும் அவர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. கருக்குழாய் எக்ஸ்ரேவுக்கு அவர் ஊரில் இல்லாத மாதமே வசதி, கரு தங்கியிருக்குமோ என்ற சந்தேகம் யாருக்கும் வராது.

அவருடைய டெஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் என்னைத்தான் மாறி மாறிச் சோதித்தார்கள். என் கணவருக்கு விந்துப் பரிசோதனை எழுதியது அவர் லீவு முடியும் வாரத்தில். கவுண்ட், அதாவது விந்தணு எண்ணிக்கை, குறைவு என்று வந்தது. விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும், அதனால் ரிசல்ட் சரியில்லை என்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கடும் காய்ச்சல் வந்திருந்தால்கூட எண்ணிக்கை குறைந்திருக்கும். மூன்று மாதம் கழித்து அவர் எங்கே இருந்தார்? மஸ்கட்டில். ஒரு லீவே போனது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. உங்கள் கணவரைத் துபாயிலேயே ஒரு லேபில், இப்போதே எடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். குறை தெரிந்தால் மறு டெஸ்ட்டுக்கும் வைத்தியத்துக்கும் நேரம் கிடைக்கும். வெரிகோசீல் (விதைப்பையில் ரத்த நாளங்கள் வீங்குவது) ஆபரேஷன் தேவைப்பட்டால் அதன் பலன் தெரியவே மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும்.

டெஸ்ட்டில் ஏதாவது தென்பட்டால் அதைச் சரிசெய்யும் காலமும் சேரும். தைராய்டு மாத்திரை ஆரம்பித்தால் ஆறு வாரம் போல விட்டு மறுபடி ரத்தம் பார்ப்பார்கள். ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி போட்டால் ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். கர்ப்பப்பையில் காசநோய் என்றால் ஆறு மாத மருந்து. நம் நாட்டில் அது அபூர்வமல்ல.

அப்புறம் சிகிச்சை. பெரிய குறை இல்லாதபோது முட்டை வளர மாத்திரை, ஒன்பதாம் பத்தாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன், முட்டைப் பை 18, 20 மில்லிமீட்டர் வந்ததும் முட்டை வெளிவர ஊசி. இப்படிச் சில மாதம். பிறகு ஐயுஐ, அதாவது விந்தணுவைச் சுத்தப்படுத்தி நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது, மூன்று நான்கு தடவை. ஐயுஐ ஒரு தடவைக்கு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கே பலிக்கும், அதனால் முதல் தடவை தங்கவில்லை என்றால் எல்லாம் போச்சு என்று உடைந்துவிடாதீர்கள். இந்த இரண்டு படிக்குமே ஆறேழு மாதத்துக்கு மேல் ஆகிவிடும், அதுவும் கணவர் ஊரிலேயே இருந்தால்.

ஐவிஎஃப், அதாவது முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்த்துக் கரு உருவாக்குவது, வெளிநாட்டில் கணவர் இருப்பவர்களுக்கு ஒருவிதத்தில் ஒத்துவரும். ஊசி பத்துப் பன்னிரண்டு நாள், கடைசி ஊசி போட்டு 36 மணி நேரம் போலக் கழித்து முட்டை எடுப்பார்கள். அவர் தேவைப்படுவது அந்த ஒரு நாளுக்குத்தான். கருவை மூன்று அல்லது ஐந்து நாள் வளர்த்து உறைய வைத்துவிட்டால், அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ கர்ப்பப்பையைத் தயார்செய்து அதில் கருவை வைக்கலாம். பத்துப் பதினான்கு நாளில் கரு தங்கியதா என்று ரத்தப் பரிசோதனை. அந்த நாட்களில் அவர் பக்கத்தில் இல்லாதது பெரிய கஷ்டம், ஆனால் சிகிச்சை நிற்காது. ஒரு முயற்சிக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். 35 வயதுக்குட்பட்டவர்களுக்கும் ஒரு தடவை கரு வைத்தால் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, ஆகவே இரண்டாவது முயற்சிக்கும் காலத்தையும் பணத்தையும் யோசித்து வையுங்கள். எங்களுக்கு இரண்டாவது தடவைதான் தங்கியது, முதல் டாக்டரைப் பார்த்து மூன்று வருடம் ஆகப்போகும் நேரத்தில்.

அவர் லீவில் இருக்கும்போது விந்தணுவை உறைய வைத்துவிட்டுப் போகலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உருக்கும்போது கொஞ்சம் அழியும், அதனால் கவுண்ட் நன்றாக இருந்தால் ஐயுஐக்கு உதவும், குறைவாக இருந்தால் ஐவிஎஃப்புக்கு. ஒப்புதல் படிவங்களில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், விமானம் ஏறும் முன் அதை முடித்துவிடுங்கள். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான 2021 சட்டப்படி பதிவுபெற்ற மையமா என்றும் பாருங்கள். ஒவ்வொரு படியிலும், "இதை எத்தனை மாதம் செய்து பார்ப்போம், பலிக்காவிட்டால் அடுத்து என்ன?" என்று கேளுங்கள். இரண்டாவதாக நாங்கள் போன டாக்டர் அந்தக் கேள்விக்கு ஒரு காகிதத்தில் மாதம் மாதமாக எழுதிக் கொடுத்தார். என் கணவர் தன் அடுத்த லீவை அதைப் பார்த்துத்தான் போட்டார்.