ஃபில்டரை விட்டு நகராதீர்கள்: பண்ணைக்காட்டிலிருந்து காபி கேள்வி பதில்

“காலையில் டிகாக்ஷன் இறங்குகிற இருபது நிமிஷம் என்னை யாரும் கூப்பிடாதீர்கள்” என்று போன வாரம் ஒரு வரி எழுதி வைத்தேன். அதற்கு நாற்பது கேள்விக்கு மேல் வந்துவிட்டது, நடுவில் ஒன்றிரண்டு திட்டும் உண்டு. எனக்குக் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் காபித் தோட்டம். வறுப்பது, அரைப்பது எல்லாம் வீட்டிலேயே. படித்து வாங்கிய பட்டம் எதுவும் இல்லை, இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் போட்ட கை மட்டும்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்து எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, காபி போடுறதே ஒரு தியானம்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் அடுப்பு முன்னாடி நின்னு கண்ணை மூடி மூச்சைக் கவனிச்சுப் பார்த்தேன். பால் பொங்கினதுதான் மிச்சம்.

கண்ணை மூடினால் பால் பொங்கத்தான் செய்யும் தம்பி. கண்ணைத் திறந்து வையுங்கள், காதையும். ஃபில்டரில் வெந்நீர் ஊற்றி மூடியதும் முதல் சொட்டுக்கள் வெறும் பாத்திரத்தில் விழும், ணங் ணங் என்று மணிச் சத்தம். ஐந்தாறு நிமிஷத்தில் அடியில் கொஞ்சம் தேங்கிவிட்டால் அதே சொட்டு ‘டொப்’ என்று அமுங்கி விழும். அப்புறம் இடைவெளி நீளும். இன்றைக்குத் தூள் ரொம்பப் பொடியா, கெட்டியாக அமுக்கிவிட்டேனா, நேற்றைய கசடு ஓட்டையில் நிற்கிறதா, எல்லாம் அந்தச் சத்தத்திலேயே தெரியும். எனக்குத் தெரிந்த தியானம் அவ்வளவுதான். மனசைக் காலியாக்க வேண்டாம், எதிரில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றால் போதும். ஃபில்டரை அவசரப்படுத்த முடியாது என்பதுதான் அதில் உள்ள வசதி. இன்ஸ்டன்ட் தூளில் இந்தக் காத்திருப்பு கிடையாது.

கொடைக்கானலுக்கு வந்துபோன சென்னைக்காரர்: வீட்டில் போடும் அதே தூளைக் கொண்டுவந்து அங்கே போட்டோம், ருசி வேறாக இருந்தது. மலைத் தண்ணீர்தான் காரணமா?

தண்ணீரும் ஒரு காரணம். ஊற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு, உங்கள் ஊர் போர்த் தண்ணீரில் அதிகம். ஆனால் இன்னொன்றை மறந்துவிட்டீர்கள். மேலே ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கணக்கு. சென்னையில் 100 டிகிரியில் கொதிப்பது 7,000 அடி உயரக் கொடைக்கானலில் சுமார் 93-லேயே கொதித்துவிடும். ஊட்டியிலும் அப்படித்தான். பருப்பு வேகாமல் நாங்கள் குக்கரோடு மல்லுக்கட்டுவது இதனால்தான், காபிக்கோ இதுவே நல்லதாகப் போய்விட்டது. தளதளவென்று கொதிக்கிற நீரை அப்படியே ஊற்றினால் கசப்பு கூடுதலாக இறங்கும். 92-லிருந்து 96 வரை இருந்தால் பதமாக வரும். சென்னையில் இருப்பவர்கள் அடுப்பை அணைத்து ஒரு நிமிஷம் விட்டு ஊற்றிப் பாருங்கள். நாங்கள் கொதித்த கையோடு ஊற்றுவோம், நின்றால் குளிரில் ஆறிவிடும். டபரா டம்ளரையும் வெந்நீரில் ஒரு தரம் அலசிச் சூடாக்கிக்கொள்வோம், இல்லையென்றால் டிசம்பரில் இரண்டாவது வாய்க்குள் காபி பச்சைத் தண்ணீர் ஆகிவிடும்.

திருச்சியிலிருந்து ஓர் அக்கா (இன்னும் ஏழெட்டுப் பேரும்): அளவைச் சரியாகச் சொல்லுங்கள். கைப்பக்குவம் என்று நழுவக்கூடாது.

சரி, நழுவவில்லை. இரண்டு பேருக்கு 25 கிராம் தூள், 150 மில்லி தண்ணீர். குமித்து எடுத்தால் மூன்று ஸ்பூன் வரும், ஆனாலும் ஒரு தடவை தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள், ஸ்பூனுக்கு ஸ்பூன் மாறும். தூள் தன் எடையில் ஏறக்குறைய இரண்டு பங்கு தண்ணீரைத் தானே வைத்துக்கொள்ளும். அதனால் 150 ஊற்றினால் கீழே இறங்குவது 100 மில்லிதான். “தண்ணியெல்லாம் எங்கே போச்சு” என்று கேட்ட தஞ்சாவூர்க்காரருக்கும் இதுதான் பதில்.

தூளைப் போட்டு, மேல் பாத்திரத்தைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிச் சமப்படுத்துங்கள். குடையை, அதாவது நடுவில் காம்பு வைத்த ஓட்டைத் தட்டை, அதன் மேல் வையுங்கள், அழுத்த வேண்டாம். அழுத்தினால் டிகாக்ஷன் கெட்டியாக வரும் என்பது நம் ஊர் நம்பிக்கை. அழுத்தினால் இறங்காமல் நிற்கும், அல்லது ஓரமாக வழி கண்டுபிடித்துத் தண்ணியாக ஓடும். முதலில் தூள் நனைகிற அளவுக்கு மட்டும் ஊற்றி அரை நிமிஷம் நில்லுங்கள். புதிதாக வறுத்த தூளாக இருந்தால் புஸ்ஸென்று நுரைத்து குடையையே தூக்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் சிக்கிய கரியமில வாயு வெளியே வருகிறது. இந்த நுரை வராத தூள் பழைய தூள், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. நுரை அடங்கியதும் மீதித் தண்ணீரைச் சுற்றி ஊற்றி மூடிவிடுங்கள். பதினைந்து இருபது நிமிஷம் ஆகும். ஐந்தே நிமிஷத்தில் இறங்கிவிட்டால் தூள் பெருசு, முக்கால் மணி ஆகியும் இறங்கவில்லை என்றால் மாவு மாதிரி அரைத்திருக்கிறார்கள்.

டிகாக்ஷனை அடுப்பில் வைக்காதீர்கள். ஆறிவிட்டால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கலாம். பால் ஒரே கொதி, கொதித்த உடனே கலந்துவிட வேண்டும். சுண்டக் காய்ச்சிய பாலில் பால்கோவா வாசம்தான் வரும், காபி வாசம் வராது.

கோயம்புத்தூர் தம்பி: நீங்க போனைத் தொடவே மாட்டீங்களா? நம்ப முடியலையே.

நம்ப வேண்டாம், காரணத்தைச் சொல்கிறேன். மூணு வருஷத்துக்கு முன்னால், தை மாசம் என்று ஞாபகம், இரும்புச் சட்டியில் ஒரு கிலோ கொட்டை வறுத்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கொட்டை முதலில் வைக்கோல் வாசம் விடும், பிறகு மஞ்சளாகி ரொட்டி சுடும் வாசம், அப்புறம் சோளப்பொரி பொரிவது மாதிரி பட் பட் என்று வெடிக்கும். அந்த வெடிப்பு அடங்கி ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் இறக்க வேண்டும். சரியாக அந்த நேரம் மிளகு விலை கேட்டு ஒருத்தர் கூப்பிட்டார். சட்டியைக் கிண்டிக்கொண்டேதான் பேசினேன், கை நிற்கவே இல்லை. ஆனால் காது போனில் இருந்தது. இரண்டாவது வெடிப்பு சன்னமாக, உப்புப் பொரிவது போல ஆரம்பித்ததே தெரியவில்லை. புகை எழுந்த பிறகுதான் பார்க்கிறேன், கொட்டை கன்னங்கரேலென்று எண்ணெய் கக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வருஷம் உரம் வைத்து, கவாத்து பண்ணி, காட்டுமாடு மிதிக்காமல் காவல் காத்து எடுத்த பழம், இரண்டு நிமிஷப் பேச்சில் போனது. அதை என் அம்மா தூக்கிப் போட விடவில்லை. “நீ பண்ணினதை நீயே குடி” என்று ஒரு மாசம் அதையே எனக்குப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து போன் கூடத்தில், நான் அடுப்படியில்.

பெயர் வேண்டாம் என்ற ஒரு வாசகி: ஆண்கள் காபி போட்டால் சடங்கு, தியானம். நாங்கள் முப்பது வருஷமாகப் போட்டால் அது வெறும் வேலை. இதற்கு என்ன பதில்?

பதில் இல்லைங்க, நீங்கள் சொல்வது சரி. அம்மா எங்கள் வீட்டில் காலையில் பதினோரு டம்ளர் போட்டவர். தாத்தாவுக்குச் சர்க்கரை இல்லாமல், அப்பாவுக்கு அரை டம்ளராக இரண்டு தடவை, பழம் பறிக்க வரும் ஆட்களுக்குக் கருப்பட்டி போட்ட வரக்காப்பி. தனக்கு என்று கடைசியில் இரண்டாம் டிகாக்ஷனில் ஒரு அரை டம்ளர், அதையும் நின்றுகொண்டே. அவருக்கு மூட்டு வலி வந்த பிறகுதான் நான் ஃபில்டரைத் தொட்டேன். இப்போது முதல் டிகாக்ஷனில் முதல் டம்ளர் அவருக்கு, உட்கார்ந்த இடத்துக்கே போகும். குறை சொல்லாமல் வாங்கிக் குடித்ததாகச் சரித்திரம் இல்லை, அது வேறு கதை.

உங்களுக்கு நான் நிதானம் கற்றுக்கொடுக்க வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் வேறு யாராவது போடட்டும். நன்றாக இருக்காது, குடித்துவிடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஓர் அம்மா, ஈரோடு: காலையில் இருபது நிமிஷம் எனக்கு எங்கே இருக்கிறது? ராத்திரியே டிகாக்ஷன் போட்டு வைப்பது தப்பா?

தப்பே இல்லை. வாசம் கொஞ்சம் குறையும், மூடி வைத்தால் மோசமாகப் போகாது. பாத்திரம் எல்லாம் கழுவி முடிந்து வீடு அடங்குகிற பத்து மணிக்குப் போடுங்கள். அந்தச் சொட்டுச் சத்தம் காலையைவிட ராத்திரியில்தான் நன்றாகக் கேட்கும்.

சிக்கரி பற்றிப் பதினாறு பேர்: சேர்க்கலாமா, கூடாதா?

சண்டைக்கு வராதீர்கள். சிக்கரி ஒரு செடியின் வேர், நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. காயவைத்து வறுத்து அரைக்கிறார்கள். அதில் கஃபீன் கிடையாது. வேர் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்துவிடும், அதனால் நிறமும் கெட்டித்தன்மையும் கிடைக்கும், பால் அதிகம் ஊற்றினாலும் தாங்கும். சட்டப்படி கலப்புத் தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், சிக்கரி 49-க்கு மேல் போகக்கூடாது, பாக்கெட்டிலும் அளவைப் போட வேண்டும். படித்துப் பாருங்கள். காபி விலை கொடுத்துப் பாதி வேரை வாங்குகிறோம் என்று அப்போதுதான் உறைக்கும். என் வீட்டில் 15 சதவீதம், விருந்தாளி வந்தால் 20. முழுக்கக் காபிதான் குடிப்பேன் என்றால் தூள் அளவைக் கூட்டிப் பாலைக் குறையுங்கள்.

காரைக்குடியிலிருந்து: பாட்டியின் பித்தளை ஃபில்டர், ஓட்டை அடைத்துக்கொண்டது. அடுப்புத் தீயில் காட்டிச் சுடலாமா?

எவர்சில்வர் என்றால் தாராளமாக. மேல் பாத்திரத்தைத் தணலில் கவிழ்த்துக் காட்டினால் அடைப்பு கருகி உதிர்ந்துவிடும். பித்தளையில் செய்யாதீர்கள். உள்ளே ஈயம் பூசியிருக்கும், அந்த வெள்ளீயம் 232 டிகிரியில் உருகி ஓடிவிடும், பிறகு பூசுகிற ஆளைத் தேடி அலைய வேண்டும். வெந்நீரில் ஊறவைத்து மெல்லிய ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்துங்கள். எண்பது ஓட்டையாவது இருக்கும், ஞாயிற்றுக்கிழமை வேலை.

சேலத்திலிருந்து ஒரு ஐயா: சாயங்காலம் ஆறு மணிக் காபி, ராத்திரி தூக்கம் வரவில்லை.

குடித்த கஃபீனில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும் ஐயா. பதினொரு மணிக்கும் அரை டம்ளர் உள்ளே நிற்கிறது. மூன்று மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தூளில் ரொபஸ்டா என்கிற காபி வகை கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள், இன்னொரு வகையான அராபிகாவில் உள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு கஃபீன் அதில் உண்டு.

கூடலூர் நண்பர்: நீலகிரி என்றாலே டீதானா? எங்கள் காபியை யாரும் பேசுவதில்லை.

பேசிவிட்டேன். கூடலூர் ரொபஸ்டாவும் நம் பக்கத்து அராபிகாவும் சேர்த்து அரைத்தால் பால் காபிக்கு அருமையாக வரும். சேலத்து ஐயா மட்டும் தள்ளி இருக்கட்டும்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு மாணவி: உங்க தோட்டத்துல என்ன ரகம்? எப்ப வந்தா பார்க்கலாம்?

காவேரியும் எஸ்.795-உம் பாதிப் பாதி, கொஞ்சம் சந்திரகிரி வைத்திருக்கிறேன். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, படிக்கிற பிள்ளை என்றால் முதலில் அங்கே போங்கள், என்னைவிட ஒழுங்காகச் சொல்வார்கள். நிழலுக்கு சில்வர் ஓக்கும் முள்முருங்கையும், அதில் மிளகுக்கொடி, நடுவில் மலை வாழை. பங்குனி சித்திரையில் செடியைப் பூக்க வைக்கும் மழை, பூ மழை என்போம், அது பெய்து எட்டு பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகும், மல்லிகை வாசம். மூன்று நாள்தான், பிறகு உதிர்ந்துவிடும். பழம் பார்க்க வேண்டும் என்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வாருங்கள். மலைப்பாதையில் வாந்தி வரும், புளிப்பு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிக் கேள்விகள் இருக்கின்றன. நாளையிலிருந்து பழம் எடுப்பு, ஆட்கள் ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள், வரக்காப்பி போட வேண்டும். பதில் தாமதமாகத்தான் வரும்.