சுபேதார் மேஜர் பதில்கள்: அந்த வீடியோவைப் போடலாமா?

(காலாட்படையில் 28 ஆண்டுகள் பணியாற்றி, சுபேதார் மேஜராக ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் நாயக். அவர்களுடைய பாரக்கில் மூன்று மாதமாகக் கழிவறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஹவில்தாரிடம் இரண்டு முறை சொல்லியும் பயனில்லை. அவர் எடுத்து அனுப்பிய வீடியோவை என் ஃபேஸ்புக் கணக்கில் போடலாம் என்றிருக்கிறேன். போடுவது நான்தானே, அவருக்கு என்ன வந்துவிடும்? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

போடாதீர்கள் அம்மா. 1954-ஆம் ஆண்டின் ராணுவ விதிகளில் 21-ஆவது விதி, பணி தொடர்பான எதையும் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கிறது. பத்திரிகைக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ தெரிவிப்பதையும் தடுக்கிறது. வீடியோவில் கேட்பது உங்கள் கணவரின் குரல். யார் கணக்கில் வந்தாலும் விசாரணை அவரைத்தான் தேடி வரும். தண்ணீர் வராத கதையை அதன்பின் யாரும் பேசமாட்டார்கள்; வீடியோ எடுத்த கதையைத்தான் பேசுவார்கள். அதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

அவருக்கு வழி இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, மேலதிகாரி தனக்கு அநீதி இழைத்ததாகக் கருதும் ஜவான் தன் கம்பெனி கமாண்டரிடம் புகார் செய்யலாம். புகாரே அந்தக் கமாண்டர் மீது என்றால் அவருக்கு மேலே உள்ளவரிடம் போகலாம். புகாரைப் பெற்றவர் முடிந்தவரை முழுமையாக விசாரித்தாக வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தண்ணீர்க் குழாய்க்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியிருக்காது. ஹவில்தாரிடம் சொன்னதோடு நிற்காமல், பிளாட்டூனின் இளநிலை அதிகாரி (ஜேசிஓ) மூலம் கம்பெனி கமாண்டரின் இன்டர்வியூ, அதாவது நேரில் பேச நேரம், கேட்கச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் யாரிடம் சொன்னார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருக்கட்டும். அங்கும் நடக்கவில்லை என்றால், சைனிக் சம்மேளனத்தில் (கமாண்டிங் ஆபீசர் வீரர்களை நேரில் சந்திக்கும் கூட்டம்) எழுந்து நின்று கமாண்டிங் ஆபீசரிடம் கேட்கட்டும். பாரக்கில் உள்ள அத்தனை பேரும் ஒரே தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பது மட்டும் வேண்டாம். படையில் கூட்டு மனுவுக்கு இடமில்லை. அது வேறு திசையில் போய்விடும்.

கேள்வி: 2017-இல் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் தேஜ் பகதூர் யாதவ் உணவைப் பற்றி வீடியோ வெளியிட்டதால்தானே நாட்டுக்கே விஷயம் தெரிந்தது? அவரைப் பணியிலிருந்து நீக்கியது நியாயமா? – கல்லூரி மாணவர்

ஜனவரியில் வீடியோ வந்தது, ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார். எல்லைப் பாதுகாப்புப் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. அதற்குத் தனிச் சட்டம் உண்டு. ஆனால் சீருடை போட்டவர்கள் எல்லோரையும் அந்த வீடியோ உலுக்கியது. அந்த ஜனவரியிலேயே, ராணுவ தினத்தன்று, அப்போதைய தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், சமூக ஊடகத்தில் குறை சொல்பவர்கள் மீது நடவடிக்கை வரும் என்று எச்சரித்தார். குறை எழுதிப் போடப் பெட்டிகள் வைக்கவும் ஏற்பாடு செய்தார்.

விதியை மீறினால் தண்டனை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அரசியல் சாசனத்தின் 33-ஆவது பிரிவே படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதை ஏற்றுத்தான் நாங்கள் சத்தியப் பிரமாணம் எடுத்தோம். ஆனால் தண்டனையில் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அந்த மனிதர் கையில் போனை எடுப்பதற்கு முன்னால் எத்தனை பேரிடம் சொன்னார், அவர்களில் யார் என்ன செய்தார் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும்.

வேலூர்க் கோட்டைக்குப் போனால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 1806-இல் புதிய தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்களுக்குச் சவுக்கடி கொடுத்தார்கள். கோபம் புகைந்துகொண்டிருக்கிறது என்று முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் முன்கூட்டியே சொன்னார். கர்னல் அதை விசாரிக்கும் பொறுப்பை, சிப்பாய்களோடு சேர்ந்திருந்த இந்திய அதிகாரிகளிடமே விட்டார். அவர்கள் அந்தச் சிப்பாயைப் பைத்தியம் என்றார்கள். ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. யாரைப் பற்றிய புகாரோ அவர்கள் கையிலேயே புகாரைக் கொடுப்பது இன்றும் நடக்கிறது. ஜவான் போனைத் தேடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபோர்ட் ஹூட் முகாமில் 2020 ஏப்ரலில் வனெஸா கியென் என்ற இளம் பெண் வீரர் கொலை செய்யப்பட்டார். அதற்கு முன்பு ஒரு மேலதிகாரி அவருக்குப் பாலியல் தொல்லை கொடுத்ததும், விஷயம் தெரிந்தும் யூனிட்டின் தலைவர்கள் நடவடிக்கை எடுக்காததும் பின்னர் ராணுவ விசாரணையிலேயே வெளிவந்தது. அவர் பெயரைச் சொல்லி ஏராளமான பெண் வீரர்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சமூக ஊடகத்தில் எழுதினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் 14 அதிகாரிகளும் தலைவர்களும் நீக்கப்பட்டார்கள் அல்லது இடைநிறுத்தப்பட்டார்கள். அந்தப் பெண்களைப் பார்த்து ‘முறைப்படி வந்திருக்கலாமே’ என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

கேள்வி: மேலதிகாரிகளைத் தாண்டிப் போக வழியே இல்லையா? – ஆசிரியை

ராணுவ வீரருக்கு ஆயுதப் படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையிலும் அமர்வு உண்டு. பணி தொடர்பான குறையை முறைப்படி மனுவாகக் கொடுத்து ஆறு மாதம் பதில் வராவிட்டால் அங்கே போகலாம். எல்லைப் பாதுகாப்புப் படையினருக்கு அந்தத் தீர்ப்பாயம் இல்லை. அவர்கள் உயர் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். ஜெர்மனியில் 1956-இலேயே அரசியல் சாசனத்தில் நாடாளுமன்றப் படை ஆணையர் பதவியைச் சேர்த்துவிட்டார்கள். அங்கே எந்த வீரரும் யாரையும் கேட்காமல் ஆணையருக்கு நேராகக் கடிதம் எழுதலாம். இங்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: நான் பணியில் இருக்கும் நாயிப் சுபேதார். என் பிளாட்டூன் ஆள் ஒருவன், தனக்குக் கிழிந்த ஸ்லீப்பிங் பேக் கொடுத்ததாக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். மேலிடத்திலிருந்து என்னைக் கேட்கிறார்கள். நான் என்ன செய்வது?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் பழைய சட்டைப் பை நினைவுக்கு வந்தது. நானும் நாயிப் சுபேதாராக இருந்தபோது பனிமலையில் ஒரு போஸ்ட்டில் இருந்தோம். ஒரு பையன் ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப் அறுந்துவிட்டது என்று சீட்டு எழுதிக் கொடுத்தான். நான்காக மடித்துப் பையில் வைத்தேன். மறந்துவிட்டேன். பதினோரு நாள் கழித்து இரவு ரோந்தில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, அவன் அந்த ஸ்லீப்பிங் பேக்கைச் சாக்குத் தைக்கும் நூலால் கழுத்து வரை தைத்துக்கொண்டு படுத்திருந்தான். விடிந்ததும் அவசரமாக எழ வேண்டி வந்தால் அறுக்க, தலைமாட்டில் ஒரு பிளேடு வைத்திருந்தான். திடீரென்று தாக்குதல் வந்திருந்தால் அவன் அந்தப் பைக்குள்ளேயே கிடந்திருப்பான். என் சட்டைப் பையில் இருந்த சீட்டு வியர்வையில் ஊறி மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அவனிடம் அப்போது போன் இல்லை. இருந்திருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். அவன் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க முடியாது.

ஆகவே உங்கள் ஆளிடம் ‘ஏன் போட்டாய்?’ என்ற கேள்வியோடு போகாதீர்கள். முதலில் பையைப் பாருங்கள். கிழிந்திருந்தால் இன்றே குவார்ட்டர் மாஸ்டர் ஸ்டோரிலிருந்து நீங்களே கையெழுத்திட்டு வேறொன்று வாங்கிக் கொடுங்கள். அவன் உங்களிடமோ செக்‌ஷன் கமாண்டரிடமோ முன்பே சொன்னானா என்று கேளுங்கள். சொல்லியிருந்தால், மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் அதை மறைக்காமல் எழுதுங்கள். போஸ்ட்டின் இடமும் ஆள் எண்ணிக்கையும் படத்தில் தெரிகிறதா என்று பார்த்து, குழுவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அந்த ஆபத்தை அவனுக்குப் பொறுமையாக விளக்குங்கள். எதிரி அதைத்தான் தேடுகிறான். இதற்காகத்தான் 2020-இல் ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கும்படி ராணுவம் உத்தரவிட்டது.

அதன்பிறகு மற்ற ஆட்களின் பைகளையும் பாருங்கள். பகலில் அடுக்கி வைத்திருக்கும்போது பார்த்தால் தெரியாது. இரவில், அவர்கள் உள்ளே படுத்திருக்கும்போது டார்ச்சோடு போங்கள்.