விற்ற காசும் இலாபமும்

கேள்வி: எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளராக இருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சேமிப்பையும் சிறு தொழில் முயற்சியையும் பழக்க வேண்டும் என்று நிர்வாகசபை தீர்மானித்திருக்கிறது. புலம்பெயர்ந்த எங்கள் ஊரவர் சிலர் பண உதவி செய்ய முன்வந்துள்ளனர். கருத்தரங்கு ஒன்றை வைத்து, வந்த பிள்ளைகளுக்கு உண்டியலும் பரிசும் வழங்கலாம் என்பது பலரது எண்ணம். தங்கள் ஆலோசனை என்ன? (வடமராட்சி வாசகர்)

பதில்: அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் கையில் தொழில் முதலாகக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். இனாமாக அல்ல, தவணைக்குள் திருப்பித் தரவேண்டிய முதலாகக் கொடுங்கள். ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்த ஒரு குழுவுக்கு இரண்டாயிரம் ரூபாவே போதும்.

வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் நடந்த மாணவர் சந்தைக்கு ஒருமுறை போயிருந்தேன். தரம் 6 இல் படிக்கும் பிள்ளை ஒருத்தி, அறுபது எள்ளுருண்டைகளை ஒன்று 25 ரூபாவாக விற்று முடித்துவிட்டு, 1,500 ரூபா இலாபம் என்று முகம் மலரச் சொன்னாள். இருவரும் வாங்கில் இருந்து கொப்பியில் கணக்கு எழுதினோம். எள்ளு 550, சர்க்கரை 250, சுற்றிய தாள் 100, காலையில் ஏற்றிவந்த ஓட்டோக் கூலி 300. மிச்சம் 300 ரூபா. எள்ளை வறுத்து இடித்துக் கொடுத்த அம்மாவின் உழைப்புக்கு எவ்வளவு போடுவோம் என்று கேட்டேன். பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டுத் தாயைத் திரும்பிப் பார்த்தாள். பொருளைப் பெற்றோர் இனாமாகக் கொடுத்து, அவர்களே அதை விலைக்கு வாங்கியும் போகும் சந்தையில் இந்தக் கணக்கு பிள்ளையின் கண்ணில் படுவதே இல்லை. விற்ற காசு வேறு, இலாபம் வேறு என்பதை உணராமல் பாடசாலைக் காலத்தைக் கடந்தவர்கள் பின்னர் கடை திறந்து, கல்லாவில் இருப்பதெல்லாம் தம் பணம் என்று எண்ணிச் செலவழித்து நொடிந்துபோவதை நாம் பார்க்கிறோம். க.பொ.த சாதாரண தரத்தில் தொழில் முயற்சியாண்மை ஒரு பாடமாக இருக்கிறது. ஆனால் அதைக் கையால் செய்து பார்க்க ஊர் இடம் கொடுக்க வேண்டும்.

எதில் தொடங்கலாம் என்று கேட்பீர்களானால், பனங்கிழங்குப் பாத்தியைச் சொல்வேன். ஆவணி, புரட்டாதியில் விழுந்து கிடக்கும் பனம்பழங்களின் கொட்டைகளைப் பொறுக்கி, நிலையத்து வளவிலேயே பாத்தி போடலாம். கொட்டைக்குக் காசில்லை, மாரி மழை தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும். தை, மாசியில் கிழங்கு கிண்டும்போது ஊர் முழுவதும் கிழங்கு மலிந்திருக்கும், விலையும் இறங்கியிருக்கும். அப்போதே விற்பதா, அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்கிச் சில மாதம் பொறுத்து விற்பதா என்பதைப் பிள்ளைகளே கூடித் தீர்மானிக்கட்டும். விறகுச் செலவு, காயவைக்கும் நாட்கள், வண்டு குத்திப் பழுதாகும் பங்கு ஆகியவற்றை எழுதிப் பார்த்து அவர்கள் ஒரு முடிவுக்கு வரும்போது, அது பிழையான முடிவாகவே இருந்தாலும் தயவுசெய்து குறுக்கிடாதீர்கள். நூறு ரூபா நட்டத்தைப் பன்னிரண்டு வயதில் தாங்கிப் பழகுவது நல்லது.

பெரியவர்களுக்கும் வேலை இருக்கிறது. சுன்னாகம் சந்தையில் மரக்கறி வியாபாரம் செய்பவர், வீட்டில் தைக்கும் அக்கா, கமம் செய்யும் ஐயா போன்றோர் ஒவ்வொரு மாலை வந்திருந்து, தாங்கள் விலை வைக்கும் முறையையும் ஏமாந்த கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரவர்கள் உண்மையான வாடிக்கையாளர்களாக நடக்க வேண்டும். பிள்ளை செய்த மிக்சரில் உறைப்புக் கூடியிருந்தால் அன்போடு அதைச் சொல்லுங்கள். பாவம் பார்த்து வாங்கிச் சென்று வீட்டில் ஒதுக்கிவைப்பதால் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை. திரும்பி வரும் முதற்பணத்தை அடுத்த குழுவுக்குக் கொடுங்கள். அதன் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வாசிகசாலைப் பலகையில் பிள்ளைகளே எழுதட்டும். இது நமக்குப் புதிதன்று. 1911 ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் பின் நம் கிராமங்களில் சிக்கன கடனுதவுச் சங்கங்கள் வளர்ந்தன; கூட்டுறவு முறையில் 1936 இல் மூளாயில் ஒரு வைத்தியசாலையையே எழுப்பியவர்கள் நம் முன்னோர்.

கேள்வி: நான் தனியாக இரு பிள்ளைகளை வளர்க்கும் தாய். நுண்நிதிக் கடன் எடுத்துக் கிழமைக்குக் கிழமை கட்டிவருகிறேன். கடன் விடயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வது அவர்களின் மனதைப் பாதிக்குமா? (தீவக வாசகி)

பதில்: அம்மா, பணம் வசூலிக்க வருபவர் படலையில் நிற்பதைப் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். காரணம் தெரியாத பயம்தான் அவர்களை அதிகம் வருத்தும். தொகையை அமைதியாகச் சொல்லி, மூத்த பிள்ளையோடு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உதாரணமாக, 10,000 ரூபா எடுத்துக் கிழமைக்கு 1,000 ரூபாவாக 12 கிழமை கட்டினால், வட்டி 2,000 ரூபாதானே, 20 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதலாம் கிழமையிலிருந்தே கடன் தொகை குறைந்துகொண்டு வருவதால், முழுத் தொகையும் 12 கிழமைக்கும் உங்கள் கையில் இருப்பதில்லை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வட்டி 100 வீதத்தைத் தாண்டிவிடும். தரம் 9 பிள்ளைக்கு இந்தக் கணக்கு விளங்கும். விளங்கிய பிள்ளை நாளை ஒரு கடன் பத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடனுக்குத் தாங்களே காரணம் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வர விடாதீர்கள்.

கேள்வி: பிள்ளையை வியாபாரத்தில் ஈடுபடுத்துவது சிறுவர் தொழிலாகிவிடாதா? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: எல்லை தெளிவாக இருக்க வேண்டும். நம் நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. படிப்பு, விளையாட்டு, நித்திரை ஆகிய மூன்றில் எதையும் தின்னாமல், பெரியவர் அருகில் இருக்க, விரும்பியபோது விலகும் உரிமையோடு பிள்ளை செய்வது பயிற்சி. கிடைத்த பணம் வீட்டுச் செலவுக்குப் போகத் தொடங்கினால், அன்றே அதை நிறுத்திவிடுங்கள்.