நள்ளிரவில் மாமியார் போன் செய்தால் முதலில் எதைக் கேட்பது?

கோவையில் வேலை பார்க்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மாமியாருக்கு 74 வயது. கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தனியாக இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அடிக்கடி நடுராத்திரியில் 'நெஞ்சு படபடங்குது, வேர்த்து ஊத்துது' என்று போன் வரும். அடித்துப் பிடித்து ஓடினால் இசிஜி நார்மல், கேஸ்தான் என்று அனுப்பிவிடுகிறார்கள். எங்களோடு வந்து இருக்கவும் மாட்டார், சொன்ன பேச்சும் கேட்கமாட்டார். 'எல்லாம் நடிப்பு' என்று என் கணவர் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். எது நிஜம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

நிஜமா நடிப்பா என்று போனிலேயே முடிவு கட்ட உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. அந்தப் பாரத்தை முதலில் இறக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு: ராத்திரி, படபடப்பு, வேர்வை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், சர்க்கரை தாழ்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளைப் போட்டுவிட்டு, ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் படுத்தால் இப்படி ஆகும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் யாராவது இனிப்பாக ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தால், அங்கே பார்க்கும்போது எல்லாம் நார்மலாகத்தான் தெரியும்.

எல்லையோரக் குடும்பங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு மாதம் பாலக்காட்டு டாக்டர், அடுத்த மாதம் கோவை டாக்டர், நடுவில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரை. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வீட்டுக்குள் வந்துவிடும். அம்மாவும் இரண்டையும் பொறுப்பாகப் போட்டுக்கொள்வார். அடுத்த முறை போகும்போது அவர் அட்டைகளைப் போட்டு வைக்கும் டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்துப் பாருங்கள். கம்பெனிப் பெயரை விடுங்கள். அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் மூல மருந்தின் பெயரைப் படியுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். எங்கே காட்டினாலும் எல்லாச் சீட்டும் ஒரே ஃபைலில் இருக்கட்டும், பழைய இசிஜியும் சேர்த்து. புதிதாக எடுப்பதோடு ஒப்பிட டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் இருக்கட்டும். போன் வந்ததும் "என்ன ஆச்சு?" என்று பதறாமல், "சாப்பிட்டீங்களா அத்தை, மிஷின்ல எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்லுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறினாலும் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். இந்த மாத்திரைகளால் தாழ்ந்த சர்க்கரை ஏறிவிட்டு மறுபடியும் இறங்கலாம், அதனால் அன்றைக்கே டாக்டரிடம் பேசிவிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சர்க்கரை சரியாக இருந்தும் நெஞ்சு அடைப்பு, மூச்சுத் திணறல், வாந்தி, அசாத்தியச் சோர்வு இருந்தால், அல்லது வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ ஒரு கை விழுந்தாலோ, யோசிக்கவே வேண்டாம், 108. சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். ஒரே ஒரு இசிஜி நார்மல் என்பதால் பயமில்லை என்று ஆகிவிடாது. சில மணி நேரம் கழித்து இன்னொரு இசிஜியும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் தேவையா என்று நீங்களே கேளுங்கள். படபடப்பு விட்டுவிட்டு வருகிறதென்றால் ஒரு நாள் முழுக்க இசிஜி பதிவாக உடம்பில் மாட்டிவிடும் ஹோல்ட்டர் பரிசோதனை பற்றியும் கேட்கலாம்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, பாலக்காடா, எல்லையில் உள்ள வேலந்தாவளம் தாண்டிக் கோவையா என்பதை நடுராத்திரியில் விவாதிக்காதீர்கள். பகலில், அவரையும் உட்கார வைத்து, ஒரு காகிதத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டுங்கள். ராத்திரி கதவைத் தட்டினால் வரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் எண்ணும் அதில் இருக்கட்டும். 108-க்குப் போன் செய்கிறவர் ஊரோடு மாநிலத்தையும் சொல்ல வேண்டும், எல்லையில் எந்த மாநில டவர் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இத்தனையும் பார்த்து உடம்பில் ஒன்றும் இல்லை என்றாலும் அது நடிப்பாகிவிடாது. தனியாகப் படுத்திருக்கும் வயதானவருக்கு ராத்திரி வரும் பயமும் வியாதிதான், அதற்கும் வைத்தியம் உண்டு. இப்போது 'முடியலை' என்றால்தான் மகன் குரல் கேட்கிறது, இல்லையென்றால் அதுவும் இல்லை. உங்கள் கணவர் தினமும் சாயங்காலம் அவராகவே கூப்பிட்டு, மழை பெய்ததா, யார் வீட்டில் விசேஷம் என்று ஐந்து நிமிஷம் பேசட்டும். அந்த நேரத்தில் மாத்திரை, பத்தியம் என்ற பேச்சே வேண்டாம். ராத்திரி போனை நீங்கள் ஒருவரே சுமக்காதீர்கள். ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் அவர். எடுக்கிறவர் கையில் அந்தக் கேள்விகள் எழுதிய சீட்டு இருந்தால் போதும், யார் கேட்டாலும் ஒன்றுதான்.